கெங்கின் கையும் சாயுனின் சேகண்டியும்

நிங் சாயுன் நாடகக் குழுவில் சேர வந்தது பாடுவதற்கு. பதினைந்து வயது, இரட்டைப் பின்னல், மலைக்காற்றில் வெடித்துச் சிவந்த கன்னம். மாவட்டக் குழுவின் அப்போதைய தலைவர் அவளை நான்கு வரி பாட விட்டார். ஐந்தாவது வரி தொடங்குமுன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"குரல் போதாதும்மா," என்றார். "ஆனா பாடும்போது காலால தாளம் தட்டினே பாரு, அது ஒரு இடத்துலகூடப் பிசகலை. இந்தா, இதைப் பிடி."

அவர் கொடுத்தது சின்னச் சேகண்டி. சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். கயிறு கிடையாது, கைப்பிடி கிடையாது. இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் விளிம்பைத் தொங்கவிட்டு, வலது கையில் ஒரு மெல்லிய மரத்தகட்டை வைத்துத் தட்ட வேண்டும். மற்ற விரல்கள் தொட்டால் ஒலி நிற்கும், விட்டால் ஓடும். சாயுன் வீட்டுக்குப் போய் மூன்று நாள் அழுதாள், நாலாம் நாள் திரும்பி வந்தாள். விரல் நுனி காய்த்துப்போன பிறகு அழுகையும் நின்றுவிட்டது.

எங்கள் ஷான்ஷி மாகாணத்து நாடகத்தில் யார் மேடைக்கு வரப்போகிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பெரிய சேகண்டி அதிர்ந்தால் ராஜா, இல்லையென்றால் தளபதி. சின்னச் சேகண்டி 'தய், தய்' என்று கொஞ்சினால் வருவது ஒரு பெண், இல்லையென்றால் கோமாளி. இரண்டையும், கூடவே ஜால்ராவையும், ஆட்டிவைப்பது முரசுக்காரர். அவர் முன்னால் முக்காலியில் ஒற்றைத்தோல் முரசு இருக்கும், கையில் மூங்கில் குச்சி இரண்டு. ஆட்டம் நடக்கும்போது அவர் வாயைத் திறக்கவே மாட்டார். இடது குச்சியின் நுனி தரையைப் பார்த்தால் சின்னச் சேகண்டி. இரண்டு குச்சியும் நெற்றி உயரத்துக்கு எழுந்தால் பெரிய சேகண்டி. குறுக்கே விழுந்தால் ஜால்ரா. இப்படி நூறு சைகை உண்டு. நடிகர்களுக்குக் கைதட்டல், முரசுக்காரருக்கு அதிகாரம். இதுதான் எங்கள் ஊர்க் கணக்கு.

சாயுனுக்கு இருபது வயதானபோது பழைய நாடகங்கள் எதுவும் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ராஜாக்களும் தளபதிகளும் பெட்டிக்குள் போனார்கள், சாயுன் வினிகர் காய்ச்சும் காடி ஆலைக்குப் போனாள். பன்னிரண்டு வருஷம் புளித்த சோளப் பிண்டத்தை மண்வெட்டியால் புரட்டினாள். இடையில் ஒரு லாரி ஓட்டுநருடன் கல்யாணம் பேசி முடித்தார்கள். சாயுன் இருமத் தொடங்கினாள், சளியில் சிவப்புக் கண்டது, மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. தொண்ணூறு நாள் காசநோய் ஊசி போட்டார்கள். ஊசி நுரையீரலைக் காப்பாற்றியது. அதற்குக் கூலியாகக் காதை எடுத்துக்கொண்டது.

ஒரேயடியாக எடுக்கவில்லை. கெட்டிலின் விசில் முதலில் போயிற்று, பிறகு குருவிகள். மனிதக் குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஆயின, கொஞ்ச நாளில் அதுவும் இல்லை. பெரிய சத்தங்கள் மட்டும் நெஞ்சிலும் பாதத்திலும் வந்து முட்டும். ஆலையில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்க அவள் பழகிவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் வசந்தத்தில் பழைய நாடகங்கள் திரும்பி வந்தன. பூச்சி உருண்டை நாற்றத்தோடு பெட்டிகள் திறந்தன, பழைய ஆட்களைத் தேடித்தேடிக் கூப்பிட்டார்கள். சாயுன் முதல் ஒத்திகையில் தன் பழைய முக்காலியில் உட்கார்ந்து, விரல் நுனியில் சேகண்டியைத் தொங்கவிட்டு, ஒரு தட்டு தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. விரல் மட்டும் சிலிர்த்தது.

எழுந்து போயிருக்கலாம். அவள் போகவில்லை. போனால் காடி ஆலை, மண்வெட்டி, அந்தப் புளிப்பு நெடி. அதுகூடப் பெரிதில்லை. பன்னிரண்டு வருஷம் அவள் சோற்றுக் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டிக்கொண்டு காத்திருந்தது இந்த முக்காலிக்காகத்தான். இதுவும் போனால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கண்ணை முரசுக்காரரின் கைமேல் வைத்தாள். வைத்த கண்ணை ஒன்பது வருஷம் எடுக்கவில்லை.

முரசுக்காரர் பெயர் கெங் வான்லு. அவளைவிட ஆறேழு வயது மூத்தவர், மனைவி முதல் பிரசவத்திலேயே குழந்தையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒல்லி, நீண்ட கழுத்து, மூக்கு நுனியில் கோபம். பெரிய சேகண்டி அடிக்கும் குண்டு ஹோ ஒரு மயிரிழை தாமதித்தால் குச்சி பறந்து வரும். நடிகர்களையும் விட மாட்டார். "நீ நடக்கிறது தளபதி நடையா, செருப்புக் கடிச்சவன் நடையா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். சாயுனை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை.

"உனக்கு மட்டும் அர்ச்சனையே கிடையாதே அக்கா, என்ன வசியம் வெச்சே?" என்று ஹோ கேட்பான்.

"திட்டறதுக்குக்கூட லாயக்கில்லைன்னு விட்டுட்டாரு போல," என்பாள் சாயுன். அப்படித்தான் அவள் நம்பினாள்.

மறைப்பது லேசான வேலையா? சாப்பிடும்போது எல்லார் முகமும் தெரிகிற மூலையில் உட்காருவாள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பாமல் இருந்துவிட்டால், கம்பளி பின்னிக்கொண்டிருந்தேன், கண்ணி எண்ணிக்கொண்டிருந்தேன் என்பாள். ஒன்பது வருஷத்தில் குழுவில் அவள் பின்னிய ஸ்வெட்டர் இல்லாத ஆள் கிடையாது. ராங்கிக்காரி என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும், செவிடி என்ற பெயரைவிட அது பரவாயில்லை. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும், இன்றைக்குத் தப்பித்தோம் என்று ஒரு பெருமூச்சு விடுவாள்.

எண்பத்தேழாம் வருஷம், மூன்றாம் மாதம். லியூகோ கிராமத்து நாகராஜா கோயில் திருவிழாவுக்குக் குழு கிளம்பியது. அந்த வருஷம் மழை இல்லை. கோதுமை கணுக்கால் உயரத்திலேயே மஞ்சளாகி நின்றது. மழை கொடுக்கிற சாமிக்கு நான்கு நாள் நாடகம் என்று ஊரார் நேர்ந்துகொண்டிருந்தார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது, முரசு முக்காலியைத் தலைகீழாக வைத்தவனை லாரிமேல் நின்று திட்டிக்கொண்டே கெங் ஓரடி பின்னால் நகர்ந்தார். பின்னால் லாரி இல்லை. விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு முறிந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மாகாணக் கலைப்பள்ளியில் படித்துவிட்டு அப்போதுதான் குழுவுக்கு வந்திருந்த ஷென் ஜுன் என்கிற இளைஞனை முரசில் உட்கார வைத்தார் குழுத் தலைவர் தோங். ஷென் கெட்டிக்காரன். குச்சி சுத்தம், காலம் சுத்தம். ஆனால் அவன் கை பேசாது. கெங்கின் கை முழம் போட்டுக் காட்டுவதை அவன் ஓர் அங்குலத்தில் காட்டி முடித்துவிடுவான். அதுதான் நாகரிகம் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காது உள்ளவர்களுக்கு அது போதும், முரசின் ஒலியே மீதியைச் சொல்லிவிடும்.

சாயுனுக்குப் போதவில்லை. இரண்டு நாள் ஹோவின் முழங்கையையும் நடிகர்களின் பாதத்தையும் பார்த்துப் பார்த்து ஒப்பேற்றினாள். கண் எரிந்தது. நூடுல்ஸில் காடியைக் கொஞ்சம் ஊற்றி விழுங்கினாள்.

மூன்றாம் நாள் பிற்பகல். கோயிலுக்கு நேர் எதிரே மேடை, நடுவில் ஆயிரம் பேர், வெயில். போர்க்களக் காட்சி முடிந்து ஒரு சின்ன நிசப்தம். அடுத்து தளபதி வர வேண்டும். முதுகில் நான்கு கொடி, முகம் நிறைய கறுப்புச் சாயம், மூன்று அங்குலக் குதிகால் பூட்ஸ். திரைக்குப் பின்னால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்போது பார்த்து ஒரு குளவி வந்து ஷென்னின் முழங்காலில் உட்கார்ந்தது. அவன் இடது குச்சியைக் கீழே சாய்த்து அதைத் தட்டிவிட்டான்.

குச்சி நுனி தரையைப் பார்த்தது. சாயுன் அடித்தாள். தய், தய், தய்தய் தய்.

சேகண்டி ஒலித்தால் காலை எடுத்து வைப்பது நடிகனுக்கு எலும்பில் ஊறிய பழக்கம். முப்பதாயிரம் வீரர்களின் தலைவர், தோழிப்பெண் பூக்கூடையோடு துள்ளி வருகிற தாளத்துக்குக் கொடியும் தாடியும் குலுங்க மேடைக்கு வந்து நின்றார். வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கூட்டம் ஒரு கணம் வாயைப் பிளந்தது. பிறகு பிரளயம். "பிரமாதம்! பிரமாதம்!" என்று எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். தப்பு நடந்தால் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் பாராட்டிக் கொல்வார்கள். "தளபதியம்மா, கூடையில என்ன பூ?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது கடைசி வரிசை வரை கேட்டது. சாயுனுக்குக் கேட்கவில்லை. ஆயிரம் வாய்கள் திறந்திருப்பதை மட்டும் பார்த்தாள். ஹோவின் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.

ஆட்டம் ஒருவழியாக முடிந்தது. திருவிழாக் கமிட்டிப் பெரியவர் சூய் ஆறு பேரோடு மேடைக்குப் பின்னால் வந்தார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தலைவரே, சிரிச்சு முடிச்சிட்டோம். இனி விஷயத்துக்கு வருவோம்," என்றார். "மழைக்காக நேர்ந்துக்கிட்ட ஆட்டம். சாமி முன்னாடி தளபதியைத் தோழிப்பொண்ணா ஆக்கிட்டீங்க. நாளைக்கு மத்தியானம் இதே ஆட்டத்தை முதல்லேருந்து ஆடுங்க. அபராத ஆட்டம். வழக்கம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் ஐயா. ஆடிடறோம்."

"அடிச்ச கையே அடிக்கணும். ஆள் மாத்தினா சாமி ஏத்துக்காது."

தோங் தலையாட்டிவிட்டு சாயுனைத் தேடிப் போனார். அவள் உடைப்பெட்டிகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "சாயுன்!" என்றார். இன்னொரு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் அவர் கத்திய கத்தலில் மேடைக்கு வெளியே கட்டியிருந்த கழுதை நிமிர்ந்து பார்த்தது. சாயுன் நிமிரவில்லை. தோங் மெதுவாக அவளுக்கு முன்னால் வந்து குந்தினார்.

"உனக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

கம்பளியும் ஊசியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. சாயுன் அவற்றை எடுக்கவில்லை.

"கேக்காது தலைவரே."

"எவ்வளவு நாளா?"

"இங்க திரும்பி வந்த நாள்லேருந்தே. ஒன்பது வருஷமா."

தோங் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஈரமுள்ள மனுஷன்தான், ஆனால் குழுவை நடத்த வேண்டியவர். "நாளைக்கு எப்படியாவது சமாளி," என்றார், உதடு நன்றாகத் தெரியும்படி. "அதுக்கப்புறம் உடைப்பெட்டிக்கு வந்துடு. துணி மடிக்கக் காது வேண்டாம். யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது வந்து எதிரே உட்கார்ந்து அன்பாகவே பேசிவிட்டுப் போய்விட்டது. முக்காலி போயிற்று. அதற்கு முன்னால் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கிறது. அதே இடம், அதே நிசப்தம், அதே ஓரங்குலக் கை. நாளைக்கும் தப்பினால் ஊரே சேர்ந்து குழுவைத் துரத்தும், கோதுமை காய்ந்த பழியும் தலையில் விழும். சாயுன் அழவில்லை. மரத்தகட்டை எடுத்துத் துடைத்துத் துடைத்து அதன் மெருகையே போக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் குழு கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டியவனுக்குப் பக்கத்தில் ஹோ. பின்னால் வைக்கோலுக்கு நடுவில், கழுத்தில் தூளிகட்டிய கையோடு, தும்மிக்கொண்டு கெங் வான்லு. ஹோ விடிவதற்கு முன்பே கிளம்பி மாவட்டத் தலைநகருக்குப் போய் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தூக்கி வந்திருந்தான்.

இறங்கியதும் கெங் நேராகத் தோங்கிடம் போனார். சாயுன் கூழ்க்கிண்ணத்தோடு இருவர் வாயும் தெரிகிற இடத்தில்தான் இருந்தாள்.

"என் சேகண்டிக்காரியைத் துணி மடிக்கச் சொன்னீங்களாமே?"

"வாத்தியாரே, அவளுக்குக் காது கேக்காது. உங்களுக்கு விஷயம் தெரியாது..."

"எனக்கா தெரியாது? வந்த முதல் மாசமே தெரியும். பின்னாடி நின்னுக்கிட்டு, 'அம்மா, உன் சட்டை பத்தி எரியுது'ன்னேன். அவ பாட்டுக்குப் பின்னிக்கிட்டு இருந்தா." கெங் இடது கையால் வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஒன்பது வருஷத்துல ஒரு அடி தப்பினாளா? நீங்க சொல்லுங்க. காதுள்ள இந்தக் குண்டன் மாசத்துக்கு நாலு தரம் தப்பறான்."

"நாலு இல்லை வாத்தியாரே, ரெண்டு," என்றான் ஹோ.

தோங் ஹோவைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் தலைவரே. நீங்கதான் புதுசா வந்தவரு. அக்காவுக்குச் சங்கடமா இருக்கும்னு யாரும் வாயைத் திறக்கலை. ஜால்ராக்காரரு பலகையில காலைத் தட்டுவாரு. நான் முழங்கையைக் கொஞ்சம் தூக்கி அடிப்பேன்."

இந்த இடத்தில் சாயுன் உருகி இருப்பாள் என்று நினைப்பீர்கள். அவள் கூழ்க்கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், வைத்த வேகத்தில் அது உடைந்தது. முகம் வெளுத்துவிட்டது. ஒன்பது வருஷம்! மூலை பார்த்து உட்கார்ந்து, எண்ணாத கண்ணியை எண்ணுவதாகப் பொய் சொல்லி, ராங்கிக்காரிப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு. இவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டே அவள் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். கெங்கைப் பார்த்து அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"பாவி."

திரும்பிப் போய்விட்டாள். திருப்பிய முதுகோடு பேச யாருக்கும் வழியில்லை.

மத்தியானம் கூட்டம் நேற்றையதைவிட இரண்டு மடங்கு. சிரிக்க வந்தவர்கள்தான் அதிகம், பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தார்கள். கெங் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஷென்னின் முரசுக்குக் கீழே, சாயுனுக்கு எதிரே உட்கார்ந்தார். வலது கை தூளியில், இடது கையில் ஒரே ஒரு குச்சி. ஷென்னுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை.

"ஒரு குழுவுக்கு ரெண்டு முரசுக்காரங்களா? நான் என்ன பொம்மையா?" என்றான்.

"நீ அடி. நான் அவளுக்கு உன் கையை மொழிபெயர்க்கிறேன். அவ்வளவுதான்."

ஆட்டம் தொடங்கியது. சாயுன் கோபத்தோடுதான் உட்கார்ந்தாள். ஆனால் கெங்கின் இடது கை எழுந்ததும் அவள் கண் தன்னால் அங்கே போய்விட்டது, ஒன்பது வருஷப் பழக்கம் அது. அந்தக் கைக்குப் பழக்கமில்லாத வேலை, கொஞ்சம் கோணலாகத்தான் ஆடியது. இருந்தாலும் அது அவருடைய கை. குச்சியைச் சாய்க்குமுன் சுண்டுவிரல் லேசாக விலகும், நிறுத்துமுன் மணிக்கட்டு ஒருமுறை மூச்சு விடும். அவளுக்கு ஒவ்வொரு அசைவும் மனப்பாடம். ராணி வந்தாள், தோழி வந்தாள், குடிகாரக் காவலன் தடுக்கி விழுந்தான். விழுந்த இடத்தில் சரியாகச் சேகண்டி இருந்தது. நேற்றைய பெண்பிள்ளைகூட வெள்ளரி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஷென் முதலில் முறைத்துக்கொண்டு அடித்தான். இரண்டாம் காட்சியில் அவன் முகம் மாறியது. ஒரு விஷயம் அவன் காதில் பட்டுவிட்டது. ஜால்ராவும் பெரிய சேகண்டியும் அவன் அடியைக் கேட்ட பிறகுதான் வருகின்றன. கேட்க ஒரு நொடியின் துணுக்காவது வேண்டுமே. சின்னச் சேகண்டி மட்டும் அவன் குச்சி தோலில் விழும் அதே கணத்தில் விழுகிறது. அவன் வேண்டுமென்றே ஒரு இடத்தில் இழுத்துப் பார்த்தான். கெங்கின் கை இழுத்தது, சேகண்டியும் இழுத்தது, ஒட்டிப் பிறந்த மாதிரி. மூன்றாம் காட்சியில், தன்னை அறியாமலே, அவன் கையும் பெரிதாகிக்கொண்டு வந்தது.

போர்க்களம் முடிந்தது. அந்த நிசப்தம் வந்தது. இரண்டாயிரம் பேரும் சிரிப்பை வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் தளபதி வியர்த்துக்கொண்டிருந்தார். சாயுன் கெங்கைப் பார்த்தாள்.

கெங் குச்சியை மடியில் வைத்துவிட்டார். கையை முழங்காலில் கவிழ்த்துவிட்டார். முகவாயை மட்டும் ஷென் பக்கம் அசைத்தார். அங்கே பார் என்று அர்த்தம்.

சாயுன் கண்ணை எடுத்து ஷென்னின்மேல் வைத்தாள். ஷென் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மெல்ல இடவலமாக அசைத்தான், நீங்கள் இல்லை அக்கா என்பதுபோல. பிறகு இரண்டு குச்சியையும் நெற்றிக்கு மேலே, பள்ளியில் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினான். ஹோ பெரிய சேகண்டியை விட்டான் ஒரு அடி. பலகை அதிர்ந்தது. தளபதி தளபதியாகவே வந்தார்.

கூட்டம் மறுபடி "பிரமாதம்!" என்றது. இந்த முறை அது நிஜம். நேற்று வாய்களில் பல் தெரிந்தது, இன்று தொண்டை வரை தெரிந்தது. சாயுனுக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியும்.

முடிந்ததும் சூய் வந்து, சாமிக்குத் திருப்தி என்று அறிவித்துவிட்டு, குழுவுக்கு ஒரு கூடை ஆவியில் வேகவைத்த ரொட்டி கொடுத்தார். மழை வரவில்லை. அதற்கு எந்தச் சேகண்டியும் பொறுப்பாக முடியாது.

ஷென் தோங்கிடம் போனான். "அவங்களை உடைப்பெட்டிக்கு அனுப்பாதீங்க. மத்தவங்க எல்லாம் நான் அடிச்சப்புறம் அடிக்கிறாங்க. அவங்க ஒருத்தங்கதான் நான் அடிக்கும்போதே அடிக்கிறாங்க."

"நீ கையைப் பெரிசாக் காட்டணுமே? கௌரவக் குறைச்சல் இல்லையா?"

"காட்டறேன்," என்றான் ஷென். "முதல்ல குளவியை விரட்டறதுக்கு ஒரு ஆளைப் போடுங்க."

தோங் சாயுனிடம் வந்து, உதடு தெரியும்படி, "முக்காலி உன்னோடதுதான்," என்றார். சாயுன் தலையாட்டினாள். மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. கால் தரையில் பாவவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவளுக்கு இன்னொரு இடத்தில் ஒரு பாக்கி இருந்தது.

மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பலகைகள், கொடிகள், பெட்டிகள். கெங் இன்னும் அந்தக் கவிழ்த்த வாளியில்தான் உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கையால் குச்சியை உறைக்குள் தள்ளப் பார்த்து, முடியாமல், உறையைத் திட்டிக்கொண்டிருந்தார். சாயுன் போய்க் குச்சியைப் பிடுங்கி உறையில் போட்டாள். போட்டுவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"ஒன்பது வருஷம் வாத்தியாரே. தினம் தினம் செத்துப் பிழைச்சேன். ஒரு வார்த்தை, 'எனக்குத் தெரியும், பயப்படாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு நாளாவது நிம்மதியா சோறு தின்னிருப்பேன். ஊருக்கெல்லாம் வாயாடறீங்க. என்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை? எம்மேல அவ்வளவு பரிதாபமா?"

கெங்கின் காது மடல் சிவந்தது, நீண்ட கழுத்து சிவந்தது. யாரையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற மனிதர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, முனகலாக என்னவோ சொன்னார்.

பக்கத்தில் ஜால்ராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹோ தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். அவர்களுக்குக் கேட்டுவிட்டது. சாயுனுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் உச்சந்தலையைத்தான் அவள் பார்த்தாள், அதில் வழுக்கை விழத் தொடங்கியிருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று அவள் ஹோவைக் கேட்டாள்.

ஹோவுக்கு முகமெல்லாம் பல். "நான் சொல்லட்டுமா அக்கா? அது வந்து..."

"நீ வாயை மூடு." சாயுன் திரும்பினாள். "குனிஞ்சுக்கிட்டுப் பேசினா எனக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை," என்று கெங் செருப்பிடம் சொன்னார்.

சாயுன் குனிந்தாள். காய்த்துப்போன விரல் நுனியை அவர் முகவாய்க்குக் கீழே கொடுத்து, சேகண்டியைத் தூக்குகிற பதத்தில், தலையைத் தூக்கினாள். கலைந்துகொண்டிருந்த கூட்டத்தில் பாதி நின்று பார்த்தது. குழு மொத்தமும் பார்த்தது. கெங் வான்லுவுக்குத் தப்பிக்க வழியில்லை. வலது கை தூளியில், வாளிக்குப் பின்னால் அடுக்கிய பெட்டிகள்.

"சொல்லியிருந்தா உன் பயம் போயிருக்கும்," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை நன்றாகத் திறந்து, ஒரு சொல்லும் தவறிவிடாதபடி. "நீ என்னையே பார்த்துக்கிட்டு இருந்திருக்க மாட்டே."